'அது போகட்டும்' என்று எழுதினாயே, எது போகட்டும்?

கேள்வி: எனக்கு 24 வயது. கல்லூரியில் ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பித்த ராக் பேண்டில் பாடுகிறேன், பாட்டும் எழுதுகிறேன். கிடார் வாசிப்பவரும் நானும் மூன்று வருஷம் காதலித்துப் பிரிந்துவிட்டோம். பிரிந்த பிறகு என்னைக் குத்திக்காட்டி அவர் ஒரு பாட்டு எழுதினார். அதற்கு நானே கோரஸ் பாடுகிறேன். எங்கள் முதல் ஆல்பத்தில் அதுதான் முதல் பாட்டு. நான் எழுதிய பாட்டை, நீளம் அதிகம் என்று எனக்குத் தெரியாமலே எடுத்துவிட்டார்கள். ரெக்கார்டிங் செலவுக்கு அம்மா வளையலை அடகு வைத்துத்தான் பணம் கொடுத்தார், அது போகட்டும். ஃப்ளீட்வுட் மேக் பேண்டின் 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' பாட்டின் கதை அப்படியே என் கதை என்கிறாள் தோழி. அந்த பேண்டின் பாடகி ஸ்டீவி நிக்ஸ் 20 வருஷம் கழித்து மேடையில் தன் பழைய காதலரை நேருக்கு நேர் பார்த்துப் பாடி ஜெயித்தாரே, அதுபோல நானும் காத்திருக்கவா? இல்லை, விலகிவிடவா? உங்கள் மகள் வயதுதான் எனக்கு. ஒளிக்காமல் சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, கோவை (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: மகள் வயது என்று சொல்லிவிட்டதால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

நீ அனுப்பியது நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் அவன். அம்மாவுக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியின் முடிவிலும் 'அது போகட்டும்'. எது போகட்டும்? வளையலா, அம்மாவா?

காதலித்தவனோடு ஒரே இடத்தில் வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்ற கடிதம் எனக்கு மாதம் நாலு வருகிறது. அதற்குப் பதில் எழுதி எழுதிக் கை சலித்துவிட்டது. வளையலைப் பற்றிய வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதற்கு வருகிறேன். முதலில், தோழி உனக்குப் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறாள். மீதியைக் கேள்.

1976. கலிஃபோர்னியாவில் சாஸலிட்டோ என்ற ஊரில் ஒரு ஸ்டுடியோ. 'ரூமர்ஸ்' ஆல்பம் பதிவாகிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழுவில் மனம் உடையாத ஆளே இல்லை. ஜான் மெக்வீயும் கிறிஸ்டின் மெக்வீயும் கணவன் மனைவியாக இருந்து பிரிந்தவர்கள். டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட்டின் குடும்பமும் ஆட்டம் கண்டிருந்தது. ஸ்டீவி நிக்ஸும் கிடார் வாசித்த லிண்ட்ஸி பக்கிங்ஹாமும் ஜோடியாக வந்து சேர்ந்து, அங்கேயே பிரிந்தார்கள். பக்கிங்ஹாம் 'கோ யுவர் ஓன் வே' எழுதினார். அதில் ஒரு வரி நிக்ஸை மற்ற ஆண்கள் பின்னால் போகிறவராகக் காட்டியது. அது பொய், எடுத்துவிடு என்று அவர் கேட்டும் பக்கிங்ஹாம் எடுக்கவில்லை. மேடைக்கு மேடை அந்தப் பாட்டுக்குப் பின்குரல் பாடியதும் நிக்ஸ்தான்.

நிக்ஸின் பதில்தான் 'சில்வர் ஸ்பிரிங்ஸ்'. மேரிலாந்து மாநிலத்தில் காரில் போகும்போது வழிகாட்டிப் பலகையில் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊர்ப் பெயரைப் பார்த்திருக்கிறார். பெயர் பிடித்துப்போனது, பாட்டு பிறந்தது. அந்தக் கால இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்திரண்டு நிமிஷம்தான் தாங்கும். அதற்கு மேல் திணித்தால் வரிகள் நெருங்கிச் சத்தம் மெலிந்துவிடும். இதுவோ நிதானமாக நகரும் நீளமான பாட்டு. ஃப்ளீட்வுட் அவரைக் கார் நிறுத்தும் இடத்துக்கு அழைத்துப்போய், ஆல்பத்தில் இது இல்லை என்று சொன்னார். நிக்ஸ் அங்கேயே நின்று கத்தித் தீர்த்தார். பதிலுக்கு வந்ததும் நிக்ஸ் எழுதிய ஒரு பழைய, சின்னப் பாட்டுதான். அதன் இசையை அவருக்குச் சொல்லாமலே மற்றவர்கள் பதிவு செய்து வைத்திருந்தார்கள். உள்ளே போய்ப் பாடினார்.

1976 டிசம்பரில் சிங்கிள் என்ற சின்ன இசைத்தட்டு வந்தது. முன்பக்கம் 'கோ யுவர் ஓன் வே', பின்பக்கம் 'சில்வர் ஸ்பிரிங்ஸ்'. அவர் வைத முகமும் இவர் அழுத முகமும் ஒரே தட்டில். ஒன்றை வாங்கியவர் வீட்டுக்கு இன்னொன்றும் போனது.

இதுவரை உன் தோழிக்கும் தெரியும். இனிதான் அவள் விட்டது. அந்தப் பாட்டின் உரிமையை நிக்ஸ் தன் அம்மா பார்பராவுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார். பாட்டு ஆல்பத்திலிருந்து விழுந்தபோது, மகளோடு அம்மாவுக்கும் சேர்த்துத்தான் இழப்பு. 1977 பிப்ரவரியில் வெளியான 'ரூமர்ஸ்' உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல் விற்றது. அதில் ஒரு பாட்டு அம்மா பெயரில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்.

1991-இல் நிக்ஸ் தன் தனித் தொகுப்பில் அந்தப் பாட்டைச் சேர்க்கக் கேட்டார். குழுவின் பெரிய தொகுப்புக்கு வேண்டும் என்று ஃப்ளீட்வுட் மறுத்துவிட்டார். நிக்ஸ் குழுவை விட்டே வெளியேறினார். காதல் முறிந்தபோது வெளியேறாதவர், இந்தப் பாட்டுக்காக வெளியேறினார். 1997-இல் எல்லோரும் மறுபடி கூடி 'தி டான்ஸ்' நிகழ்ச்சி நடத்தினார்கள். நீ பார்த்த வீடியோ அதுதான். அதன் ஆல்பம் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது, அந்தப் பாட்டு கிராமி பரிந்துரை வரை போனது. வீடியோவில் நிக்ஸின் கண் தெரியும். அந்தப் பாட்டின் பணம் யார் வீட்டுக்குப் போனது என்பது தெரியாது. அது அம்மா வீட்டுக்குப் போனது. பார்பரா 2011 வரை இருந்தார்.

அவர் அம்மாவுக்குக் கொடுத்தவர். நீ அம்மாவிடம் வாங்கினவள். அந்தக் கதை எப்படி உன் கதையாகும்?

இன்னொன்றும் உனக்கு உறைக்கவில்லை என்று நினைக்கிறேன். ரெக்கார்டிங் செலவு வளையல் வைத்த பணம் என்கிறாய். அப்படியானால் உன்னை வைது அவன் எழுதிய பாட்டும் உன் அம்மாவின் வளையலில்தான் பதிவாகியிருக்கிறது. உன் பாட்டு வெளியே, அவன் பாட்டு முதலில். இது அம்மாவுக்குத் தெரியுமா? "ஆல்பம் எப்பம்மா வரும், உன் பாட்டு எத்தனாவது?" என்று கேட்டிருப்பாரே, என்ன சொன்னாய்?

எத்தனை சவரன் என்று எழுதவில்லை. எந்தக் கடை, என்ன வட்டி, ஒன்றும் இல்லை. உனக்கே தெரியாது என்றுதான் தோன்றுகிறது. வெறுங்கையோடு உன் அம்மா எத்தனை கல்யாணத்துக்குப் போய் வந்திருக்கிறார், எத்தனை பேர் அந்தக் கையைப் பார்த்திருக்கிறார்கள் என்று ஒருநாளாவது யோசித்தாயா? பெற்றவளின் கையை மொட்டையாக்கி வைத்துக்கொண்டு, இருபது வருஷம் கழித்து ஒருவனை முறைத்துப் பாடுவதைக் கனவு காண்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்தக் கலைக்காகவும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காத்திருக்கவா, விலகவா என்று கேட்டாய். வளையல் திரும்பும்வரை இரண்டும் இல்லை. இந்த வாரமே ஐந்து பேரையும் உட்கார வை. செலவுக் கணக்கை நடுவில் போடு. ஐந்து பேர் குரலுக்கும் கருவிக்கும் ஆன செலவை ஒரு வீட்டு அம்மா சுமக்கக் கூடாது, ஐந்தாகப் பிரித்துக் கொடுங்கள் என்று சொல். அவன் இருக்கிறான் என்று தலையைக் குனியாதே, அவன் பங்கும் அதில் இருக்கிறது. வாயால் ஒப்புக்கொண்டால் போதாது, யார் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்கு. அதே தாளில், உன் பாட்டின் வரியும் மெட்டும் உன்னுடையவை என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கு. நிக்ஸால் ஒரு பாட்டை அம்மாவுக்குக் கொடுக்க முடிந்ததே அது அவர் பெயரில் இருந்ததால்தான். ஆல்பத்தில் எந்தப் பாட்டு வருகிறது என்பது குழுவின் முடிவு, அதற்கு நான் உனக்காக வக்காலத்து வாங்க மாட்டேன். உன் பாட்டு யாருடையது என்பது குழுவின் முடிவு இல்லை.

பிறகு நீ அங்கே இரு, அல்லது வெளியே வா. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இன்று இரவே அம்மாவிடம் அந்த அடகுச் சீட்டைக் கேள். பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருப்பார். உன் பாட்டு ஆல்பத்தில் இல்லை என்பதை உன் வாயால் சொல். சீட்டில் தேதி போட்டிருக்கும், தவறினால் வளையல் மூழ்கிப்போகும். அது என்ன தேதி என்று பார்த்து எனக்கு எழுது. அடுத்த கடிதத்தில் அவன் பெயர் வேண்டாம்.