சொந்த கமிட்டில் ஆபீஸ் மெயில் விழுகிறதா?

கேள்வி: பாளையங்கோட்டை வீட்டிலிருந்தே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். அதே லேப்டாப்பில் ஜங்ஷன்–பாபநாசம் பஸ் நேரம் காட்டும் சொந்த ஆப்பும் எழுதுகிறேன். அதன் கமிட்டுகளில் (கிட் மென்பொருள் சேமிக்கும் மாற்றப் பதிவுகளில்) ஆபீஸ் மெயில்தான் இருக்கிறது. கோடைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தின் லாகினை மாற்றியும் சரியாகவில்லை.

பதில்: லாகினை மாற்றிப் பயனில்லை. கமிட்டில் விழும் பெயரும் மெயிலும் உங்கள் கணினியிலுள்ள கிட் கான்ஃபிக்கிலிருந்து (அமைப்பு ஃபைலிலிருந்து) வருபவை. புஷ் செய்ய, அதாவது கமிட்டுகளைக் கிட்ஹப்புக்கு அனுப்ப, அனுமதி வாங்கித் தருவது எஸ்எஸ்எச் கீ (உங்களை அடையாளம் காட்டும் சாவி ஃபைல்). ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது.

முதலில் மெயில். ஆபீஸ் ரெப்போக்களை (கிட் கவனிக்கும் ப்ராஜெக்ட் ஃபோல்டர்களை) ஒரு ஃபோல்டரிலும் சொந்தவற்றை இன்னொன்றிலும் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், மெயில் மட்டும் உள்ள சிறு கான்ஃபிக் ஃபைல் எழுதி, எல்லா ரெப்போவுக்கும் பொதுவான குளோபல் கான்ஃபிக்கின் கடைசியில் ‘இன்க்ளூட்இஃப் கிட்டிர்’ வரியால் இணையுங்கள் (கிட் 2.13 முதல் உண்டு). ஃபோல்டர் பாதையின் முடிவில் சாய்கோடு கட்டாயம். அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரெப்போ எதுவும் பொருந்தாது. கிட்டும் எந்த எச்சரிக்கையும் தராது. பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

குளோபலில் இருக்கும் மெயிலை அழித்துவிட்டு, ‘யூசர்.யூஸ்கான்ஃபிக்ஒன்லி’யை ட்ரூ ஆக்குங்கள். இந்த இரண்டு ஃபோல்டருக்கும் வெளியே கமிட் அடித்தால், கிட் தானாக ஒரு மெயிலை ஊகிக்காமல் மறுத்துவிடும். அந்தப் பிடிவாதம் நமக்கு நல்லது.

சோதிக்க, ரெப்போவுக்குள் போய் ‘கிட் கான்ஃபிக் ஷோ-ஆரிஜின் யூசர்.இமெயில்’ கட்டளையைக் கொடுங்கள் (ஷோ-ஆரிஜினுக்கு முன் இரட்டைக் கோடு உண்டு). மெயில் எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று காட்டும். வெளி ஃபோல்டரில் நின்று சோதித்தால் ஒன்றும் வராது. அங்கே ரெப்போ இல்லையே!

அடுத்து கீ. ஒரே கீயை இரண்டு கிட்ஹப் கணக்கில் சேர்க்க முடியாது, இரண்டு உருவாக்குங்கள். எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் சொந்தக் கணக்குக்கு ஒரு ஹோஸ்ட் புனைபெயர் வைத்து, அதன் கீழ் ஹோஸ்ட்நேமாக கிட்ஹப் முகவரியையும் அந்தக் கீயின் பாதையையும் கொடுங்கள். ‘ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ்’ வரியை விட்டுவிடாதீர்கள். விட்டால் ஏஜென்ட்டில் (கீகளை நினைவில் வைத்திருக்கும் ப்ரோகிராமில்) உள்ள ஆபீஸ் கீ முந்திக்கொண்டு போய், ‘ரெப்போசிட்டரி நாட் ஃபவுண்ட்’ என்று வரலாம். ரெப்போவின் ரிமோட் (கிட்ஹப்பில் உள்ள பிரதி) முகவரியிலும் அந்தப் புனைபெயரே இருக்கட்டும்.

பழைய கமிட்டுகள்? கடைசி ஒன்று மட்டுமென்றால் கிட் கமிட் கட்டளையில் அமெண்டுடன் ரீசெட்-ஆத்தர். நிறைய என்றால், கமிட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதும் ரீபேஸ் எக்ஸெக்கில் அதையே ஓட்டலாம். ஹாஷ் (கமிட்டின் அடையாள எண்) மாறும் என்பதால், ஏற்கெனவே புஷ் செய்திருந்தால் பழையதை மேலெழுதும் ஃபோர்ஸ் புஷ் தேவைப்படும். உங்கள் பஸ் ஆப்பில் தாராளமாகச் செய்யுங்கள். ஆபீஸ் ரெப்போவில் டீமைக் கேட்காமல் தொடாதீர்கள்.