கேள்வி – பதில்: பழைய லாரிக்குப் புது பிராக்கெட்

கேள்வி: வீட்டில் நிற்கும் பழைய பெட்ஃபோர்ட் லாரியை நானே சீரமைத்து வருகிறேன். இஞ்சின் பிளாக் வெடித்துவிட்டதால், கியர்பாக்ஸுடன் வாங்கிய சிம்சன் டீசல் இஞ்சினை ஏற்ற எண்ணியுள்ளேன். இஞ்சினைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு எத்தனை மி.மீ. தகடு எடுக்க வேண்டும்? அதைச் சேசிஸிலேயே (லாரியின் அடிச்சட்டம்) வெல்டிங் வைத்துவிடலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: தகட்டின் கனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இஞ்சின் நிற்கும் இடமும் சாய்வும்தான் முதலில் முடிவாக வேண்டும். லாரியைச் சமதளத்தில் நிறுத்தி, இஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாக இணைத்துச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, ரேடியேட்டர் ஃபேன், ஆயில் சம்ப், ஸ்டீயரிங் ராடு ஆகியவற்றுக்கு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். கியர்பாக்ஸின் வெளித்தண்டும் பின் அச்சுக்குள் சுழற்சியைக் கொண்டுசெல்லும் பினியனும் ஏறக்குறைய இணையான கோட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டையும் இணைக்கும் தண்டின் ஜாயிண்டுகள் அதிர்ந்து விரைவில் தேயும். அந்த நிலையிலேயே முட்டுக் கொடுத்து நிறுத்தி, அதிர்வைத் தாங்கும் மவுண்டிங் ரப்பரை இடையில் வைத்து, அட்டையில் மாதிரி வெட்டிய பிறகே தகட்டைத் தொடுங்கள்.

பிராக்கெட் சுமப்பது இஞ்சினின் எடையை மட்டுமன்று. இஞ்சினின் முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர், முதல் கியரின் விகிதம் 6 என்று வைத்துக்கொண்டால், 1500 நியூட்டன் மீட்டர் எதிர் முறுக்குவிசை இஞ்சினையே உருட்டப் பார்க்கும். இரு பக்க மவுண்டுகளுக்கும் 60 செ.மீ. இடைவெளி இருந்து, அவை மட்டுமே அதைத் தாங்குமானால், ஒரு பக்கம் சுமார் 250 கிலோ எடைக்கு நிகராகக் கூடுதலாக அழுத்தப்படும்; மறுபக்கம் அதே அளவு மேலே இழுக்கப்படும். ஆகவே ரப்பர் கிழிந்தாலும் இஞ்சின் எழும்பிவிடாதபடி, ரப்பரின் நடுவே ஊடுருவும் போல்ட்டும் பெரிய வாஷரும் அவசியம்.

8 மி.மீ. எம்.எஸ். (மென் எஃகு) பிளேட்டும், மடிப்பின் உட்புறம் முக்கோணத் துண்டும் போதும் என்பது என் கருத்து. முக்கோணம் இல்லாத 12 மி.மீ. தகட்டை நான் நம்பமாட்டேன். கேஸ் கட்டிங்கின் பிசிறை கிரைண்டரால் வழித்து மழுக்குங்கள், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) வைத்தபின் பிராக்கெட்டைக் கழற்றி, ரப்பர் இல்லாமல் முழு வெல்டிங் செய்யுங்கள்.

சேசிஸில் வெல்டிங் வேண்டாம். சூடுபட்ட இடத்தருகே சட்டம் விரிசல் விடும். சட்டத்தின் பக்கவாட்டுச் சுவரில் துளையிட்டு, 8.8 தர (உயர்வலிமை) போல்ட்டுகளால் இறுக்குங்கள். மேல், கீழ் மடிப்புகளில் துளையே கூடாது. ஆர்.சி.யில் இஞ்சின் எண் பதிவாகியிருப்பதாலும், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதாலும், வேலைக்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் பழைய வேனுக்கு நானே செய்த ஆல்டர்னேட்டர் பிராக்கெட் அடிக்கடி உடைகிறது. தகட்டின் கனத்தைக் கூட்டலாமா?
– வாசகர், சங்ககிரி

பதில்: கூட்டிப் பயனில்லை. ஆல்டர்னேட்டர் ஒரே காதில் (போல்ட் மாட்டும் துளையுள்ள நீட்சி) தொங்கினால் எந்தத் தகடும் அதிர்விலேயே களைத்து உடையும். பின்புறக் காதுக்கும் ஒரு ஸ்டே (தாங்கு பட்டை) கொடுங்கள். அதை இஞ்சின் பிளாக்கில்தான் பிடிக்க வேண்டும், சேசிஸில் அன்று, ஏனெனில் இஞ்சின் ரப்பரின் மேல் ஆடுகிறது, சேசிஸ் அதனுடன் ஆடுவதில்லை. கிராங்க் புல்லியின் முகத்தில் நேரான பட்டையை வைத்து, ஆல்டர்னேட்டர் புல்லி அதே கோட்டில் வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.