இலைச் சாய்வை அளப்பது ஒரு படிப்பா? பிளஸ் டூ மாணவியின் பெற்றோருக்கு

செடிகளின் இலைகள் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று படம் எடுத்து அளக்கும் துறைக்குப் போக மகள் ஆசைப்படுகிறாள், "இலையைப் படம் எடுப்பதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். படம் எடுப்பது இதில் சின்ன வேலை. அதிலிருந்து வரும் கோணத்தை நம்பலாமா என்று பார்ப்பதில்தான் நேரம் போகும்.

1966-ல் வெளியான ஐ.ஆர்.8 நெல் குட்டை ரகம் மட்டுமல்ல, இலைகளும் நிமிர்ந்தவை. மேல் இலை நிமிர்ந்தால் வெயில் கீழ் இலை வரை இறங்கும். ரகம் உருவாக்குவோர் ஆயிரக்கணக்கான செடிகளில் இதைப் பார்க்க வேண்டும். பாகைமானியோடு வயலில் இறங்கினால் மாளாது. அதனால்தான் கேமரா வந்தது.

விண்ணப்பம் போடுமுன் மகளுக்கு ஒரு வாரம் இந்தச் சோதனையைக் கொடுங்கள். ஒரு புங்கை மரம், ஒரு போன், படத்தில் அளவெடுக்க உதவும் இலவச மென்பொருளான இமேஜ்ஜே (ImageJ) போதும். கேமரா நேர் எதிரே கிடைமட்டமாகப் பார்க்கும்படி, ரசமட்டம் பார்த்துப் போனைப் பிடிக்க வேண்டும். அண்ணாந்து எடுத்தால் கோணம் கெடும். மேல் கிளைகளுக்கு மொட்டைமாடி. படத்தில் விளிம்பு மட்டும் கோடாகத் தெரியும் இலைகளை எடுத்து, கிடைக்கோட்டிலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று இமேஜ்ஜேயில் உள்ள கோணக் கருவியால் அளக்க வேண்டும். 75 இலைகளாவது வேண்டும்.

இங்கேதான் ஒரு வம்பு. படுத்த இலை எந்தப் பக்கமிருந்தும் கோடாகத் தெரியும்; நிமிர்ந்த இலை சில திசைகளில் மட்டுமே தெரியும். ஒரே இடத்தில் நின்று எடுத்தால் படுத்த இலைகள் கணக்கில் கூடிவிடும். மரத்தைச் சுற்றி வர வேண்டும். உச்சி வெயிலில் வாடித் தொங்கும் இலைகளும் காற்றும் தனித் தொல்லை. மாமரத்தை எடுத்தால் தளிர்கள் தொங்கும், அவற்றைத் தனியே எழுத வேண்டும். வாழை, சோளம் போல வளையும் இலைக்கு ஒரே கோணம் போதாது. துண்டு துண்டாக அளக்க வேண்டும்.

அடுத்து இலையடர்த்தி. மரத்தடியில் நின்று, செங்குத்திலிருந்து 57.5 பாகை சாய்த்து மேல்நோக்கி எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கோணத்தில் இலை எப்படிச் சாய்ந்திருந்தாலும் கணக்கு அவ்வளவாக மாறாது. வானம் தெரியும் இடைவெளி 10 சதவீதம் என்றால் இலைப்பரப்புக் குறியீடு, அதாவது ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு மேலே எத்தனை சதுர மீட்டர் இலை என்ற எண், ஏறத்தாழ 2.5. நல்ல வெயிலில் எடுத்தால் ஒளி இலை விளிம்பைத் தின்றுவிடும். இடைவெளி கூடி, இலை குறைந்ததாகக் காட்டும். மேகமூட்டமோ, சூரியன் எழுமுன்னோ நல்லது.

இரண்டாம் நாளே சலித்துவிட்டால் வேறு துறை பாருங்கள். பிழை எங்கிருந்து வந்தது என்று தோண்டினால், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு பி.எஸ்சி. வேளாண்மை நல்ல தொடக்கம். பிளஸ் டூவில் கணிதம் இருந்தால் சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸும் (செயற்கைக்கோள் படம், வரைபடத் தரவுகளைக் கையாளும் படிப்பு) உண்டு. எதில் சேர்ந்தாலும் புள்ளியியலும் பைத்தான் என்ற நிரல்மொழியும் கூடவே வர வேண்டும். டேராடூன் இந்தியத் தொலையுணர்வு நிறுவனத்தின் இலவச இணையப் பாடங்களை இப்போதே பார்க்கலாம்.

'இலைச் சாய்வு அளப்பவர் தேவை' என்று விளம்பரம் வராது. விதை நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பிரிவு, பயிர்க் காப்பீட்டுக்கான பட ஆய்வு, ஆராய்ச்சித் திட்டங்கள் என்று வேறு பெயர்களில் வரும். திட்ட வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்தம்தான். முதுகலை வரை படிக்க வைக்கும் எண்ணத்தோடு இறங்குங்கள்.

டிரோன் ஓட்டும் சான்றிதழ் எடுத்தால் போதுமே என்று யாராவது சொல்வார்கள். அதற்கான பயிற்சியில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் போதும், உண்மைதான். ஆனால் அந்தப் பயிற்சியில் கற்றுத் தருவது பறக்கவிடுவதை. மேலிருந்து எடுத்த படத்தில் கீழ் இலைகள் மறைந்திருக்கும்.