ஆல்டோஸ்டீரோன் குறைவு, பிபி அதிகம்: ஸ்பைரனோலாக்டோன் ஏன் கேட்கவில்லை?

கேள்வி: என் தம்பிக்கு வயது 22. பிபி 170/110, பொட்டாசியம் குறைந்து 2.8. ஸ்பைரனோலாக்டோன் தவறாமல் போட்டும் இரண்டுமே மாறவில்லை. உடலில் உப்பைத் தேக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டீரோன், அதைத் தூண்டும் ரெனின் இரண்டும் குறைவு என்று ரிப்போர்ட் வந்ததும், 'லிடில் சிண்ட்ரோம் என்ற பரம்பரை நோயாக இருக்கலாம்' என்று டாக்டர் அமிலோரைடு எழுதிவிட்டார். இரண்டுமே பொட்டாசியத்தைக் காக்கும் மாத்திரைதானே, என்ன வித்தியாசம்?

பதில்: டாக்டர் சரியாகத்தான் மாற்றியிருக்கிறார். இரண்டும் பொட்டாசியத்தைக் காப்பவைதான். வேலை செய்யும் இடம் வேறு.

சிறுநீரக நுண்குழாய்களின் கடைசிப் பகுதியில், செல்களின் மேற்பரப்பில் 'ஈநாக்' என்ற சோடியம் வாய்க்கால் இருக்கிறது. சிறுநீரோடு போகும் சோடியத்தை அது திரும்ப உள்ளே எடுக்கும். அதற்கு ஈடாகப் பொட்டாசியம் வெளியேறும். ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று புரதங்கள் சேர்ந்தது அது. ஒவ்வொன்றின் வால்முனையிலும் 'பி.ஒய்.' என்ற சின்னப் பகுதி உண்டு. நெட்4-2 என்ற புரதம் அதைப் பற்றிக்கொண்டு, வாய்க்காலில் யுபிக்விட்டினைப் பொருத்தும். 'அப்புறப்படுத்து' என்று ஒட்டிய சீட்டு மாதிரி அது. சீட்டு விழுந்த வாய்க்காலைச் செல் உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும்.

உடலில் உப்பு குறைந்தால் ஆல்டோஸ்டீரோன் சுரந்து, எஸ்.ஜி.கே1 என்ற நொதியைக் கூட்டும். அது நெட்4-2 மேல் பாஸ்பேட்டை ஏற்ற, அந்த இடத்தை 14-3-3 என்ற புரதம் பிடித்துக்கொள்ளும். பிறகு நெட்4-2 வாய்க்காலைத் தொட முடியாது. வாய்க்கால்கள் மேற்பரப்பிலேயே தங்கி உப்பைச் சேமிக்கும். ஸ்பைரனோலாக்டோன் தடுப்பது ஆல்டோஸ்டீரோனின் இந்த உத்தரவைத்தான்.

லிடில் சிண்ட்ரோமில் பெரும்பாலும் பீட்டா அல்லது காமாவின் பி.ஒய். பகுதியே மரபணு மாற்றத்தால் அறுந்தோ திரிந்தோ போயிருக்கும். நெட்4-2 பற்ற இடமில்லை. உத்தரவே வராவிட்டாலும் வாய்க்கால்கள் நீங்காமல் உப்பை இழுத்துக்கொண்டே இருக்கும். உப்பு மிஞ்சுவதால்தான் ரெனினும் ஆல்டோஸ்டீரோனும் அடங்கிக் கிடக்கின்றன. இல்லாத உத்தரவைத் தடுத்து ஸ்பைரனோலாக்டோன் என்ன செய்யும்? அமிலோரைடு வாய்க்காலின் துளையையே அடைக்கிறது. அமெரிக்க மருத்துவர் கிராண்ட் லிடில் 1963-ல் இந்த நோயை விவரித்தபோதே, ஸ்பைரனோலாக்டோன் பலிக்காமல், வாய்க்காலை நேரடியாக அடைக்கும் டிரையாம்டெரீன்தான் பலித்தது. அவருடைய நோயாளிக்குப் பின்னாளில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியதும் கோளாறு நீங்கியது. பழுது சிறுநீரகத்தில்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இனி நீங்கள் கவனிக்க வேண்டியவை. அமிலோரைடு நம்மூரில் ஃபுரோசமைடு அல்லது ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்தும் வருகிறது. சீட்டில் எழுதியது எது, கடையில் கொடுத்தது எது என்று அட்டையைப் பார்த்து ஒப்பிடுங்கள். முன்பு கொடுத்த பொட்டாசியம் சிரப் வீட்டில் மிச்சமிருந்தால், டாக்டரைக் கேட்காமல் தொடராதீர்கள். இப்போது பொட்டாசியம் ஏறிவிடலாம், அது இதயத்துக்கு ஆபத்து. 'லோ சோடியம்' உப்புகளிலும் பொட்டாசியம் இருக்கும். இந்துப்பும் சோடியம் குளோரைடுதான், அதனால் லாபமில்லை. ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைத்தால் மாத்திரை நன்றாகக் கேட்கும். சொன்ன தேதியில் பொட்டாசியம், கிரியேட்டினின் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

தம்பி அதிமதுரம் சேர்ந்த மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா? அதுவும் இதே ரிப்போர்ட்டை உண்டாக்கும்; டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். மரபணுப் பரிசோதனையில் லிடில் உறுதியானால், பெற்றோரில் ஒருவருக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியிருந்தால் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் 50 சதவீத வாய்ப்பு. நீங்களும் பிபி, பொட்டாசியம் பார்த்துவிடுங்கள்.