காபியும் கைப்பேசியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காபியைப் பற்றியவை. மற்றவை, செயலிகளையும் கைப்பேசியையும் வைத்துக்கொண்டு வேலையை எப்படி முடிப்பது என்பதைப் பற்றியவை. பலருக்கு இவை இரண்டும் ஒரே மேசையில்தான் இருக்கின்றன என்பதால் சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

நான் காபிப் பொடியை மின்னணுத் தராசில் நிறுத்து, தண்ணீரின் வெப்பத்தை அளந்து, கைப்பேசியில் நேரம் வைத்து டிகாஷன் இறக்குகிறேன். "கண்ணளவில் போட்ட எங்கள் அம்மாவின் காபிக்கு இது ஈடாகுமா?" என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். அளவு பார்ப்பது வீண் வேலையா?
– வங்கி ஊழியர், கும்பகோணம்

வீண் வேலை இல்லை. ஆனால் கண்ணளவையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஒரே பில்டர், ஒரே கரண்டி, ஒரே கடையின் பொடி என்று பல ஆண்டுகள் மாறாமல் வைத்திருந்த ஒருவருக்குக் கண் பார்க்க வேண்டியது மிகக் கொஞ்சம்தான். மாதத்துக்கு ஒரு கடையில் பொடி வாங்கிக்கொண்டு தராசை மட்டும் துல்லியமாக வைத்திருப்பவருக்கு அந்த வசதி கிடைக்காது.

நம் பில்டரில் தண்ணீரைக் கீழே தள்ளுவது அதன் எடை ஒன்றுதான். எஸ்பிரெஸோ இயந்திரம் ஏறத்தாழ ஒன்பது மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அரை நிமிடத்துக்குள் முடித்துவிடும் வேலையை, இங்கே பொடியின் பருமனும் பொறுமையும் சேர்ந்து செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது அரைப்புதான். எஸ்பிரெஸோவுக்கு அரைத்த மாவு போன்ற பொடி நம் பில்டரில் அடைத்துக்கொள்ளும். பரபரவென்று அரைத்தது ஐந்தே நிமிடத்தில் இறங்கி, நிறம் மட்டும் தரும். பதினைந்து முதல் இருபது நிமிடத்துக்குள் மேல் பாத்திரம் காலியானால் அரைப்பு சரி என்று வைத்துக்கொள்ளலாம். சிக்கரி கலந்த பொடி சற்று மெதுவாகவே இறங்கும்.

பொடியைத் தட்டிச் சமப்படுத்தி, அழுத்துத் தட்டை மேலே வைத்தால் போதும். கட்டைவிரலால் இறுக்க வேண்டாம். கொதித்த தண்ணீரை இறக்கி, அரை நிமிடம் கழித்து, தட்டின் மேல் விழும்படி சுற்றி ஊற்றுங்கள். இதற்கு வெப்பமானி தேவையில்லை. ஊற்றிய பிறகு சொட்டவே இல்லையென்றால், மேல் பாத்திரத்தை ஒரு கணம் தூக்கி வையுங்கள். இரண்டுக்கும் நடுவே அடைபட்ட காற்று வெளியேறிச் சொட்டத் தொடங்கும். அப்போதும் இறங்காவிட்டால் துளைகளில் பழைய பொடி அடைத்திருக்கிறது என்று பொருள். எவர்சில்வர் பில்டராக இருந்தால் கழுவித் துடைத்த அடிப்பக்கத்தை இடுக்கியால் பிடித்து அடுப்புச் சுடரில் சிறிது காட்டி, ஆறியதும் தட்டினால் கருகிய பொடி உதிர்ந்துவிடும். இறங்கிய டிகாஷனை அடுப்பில் வைத்துச் சூடாக்காதீர்கள், கசந்துவிடும். சூடு முழுவதும் பாலிலிருந்து வரட்டும்.

பொடியின் எடையையும் இறங்கும் நேரத்தையும் தொடர்ந்து குறித்து வாருங்கள். வெப்பமானியை மருந்துப் பெட்டியில் வைத்துவிடலாம். கேலி செய்பவர்களுக்கு இரண்டாம் டிகாஷனைக் கொடுங்கள்.

சிக்கரி என்பது கலப்படமா? தூய காபிதான் உயர்ந்தது என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
– துணிக்கடை உரிமையாளர், ஈரோடு

சொல்லிச் சேர்த்தால் கலவை, சொல்லாமல் சேர்த்தால் கலப்படம். சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். அதிலுள்ள இனுலின் என்னும் மாவுச்சத்து வறுக்கும்போது கருகி இனித்து, டிகாஷனுக்கு நிறத்தையும் கெட்டித்தன்மையையும் தருகிறது. அதில் கஃபீன் கிடையாது. நெப்போலியன் காலத்து வணிகத் தடையின்போது காபி கிடைக்காத பிரான்சில் இது பெரிதாகப் பரவியது. நமக்குப் பாலோடு சேர்த்துக் குடிக்கும் வழக்கத்தால் பிடித்துப்போயிற்று. கலவைப் பொடியில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. சிக்கரி எத்தனை சதவீதம் என்பதை உறையில் அச்சிட்டிருக்கவும் வேண்டும். அந்தச் சிறிய எழுத்தைப் படிக்காமல் விளம்பரத்தைப் படித்து வாங்குவதால்தான் ஏமாந்த உணர்வு வருகிறது. என் வாக்கு எண்பது பங்கு காபிக்கு இருபது பங்கு சிக்கரி என்ற கலவைக்கு. பால் சேர்க்காமல் குடிப்பவர் சிக்கரியை விட்டுவிடலாம்.

மாலை ஐந்தரைக்கு ஒரு காபி குடித்தால்தான் கடைசி இரண்டு மணி நேர வேலை ஓடுகிறது. ஆனால் இரவு பன்னிரண்டு வரை தூக்கம் வருவதில்லை. காபி உண்மையிலேயே தெம்பு தருகிறதா?
– மென்பொருள் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்

தெம்பு தருவதில்லை, களைப்பை மறைக்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது, அது தன் ஏற்பிகளில் போய் உட்காரும்போது நமக்குச் சோர்வு தெரிகிறது. கஃபீன் அந்த இடங்களை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. அடினோசின் எங்கும் போய்விடுவதில்லை, காத்திருக்கிறது. உடலில் சேர்ந்த கஃபீனில் பாதி வெளியேற, ஆரோக்கியமான பெரியவர்களுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது; ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும். அப்படியானால் ஐந்தரை மணிக் காபியில் பாதி, இரவு பத்தரைக்கும் உங்களோடுதான் இருக்கிறது. மறுநாள் தூக்கக் குறைவால் அதே ஐந்தரைக்கு மீண்டும் காபி கேட்கிறது. இந்தச் சுழற்சியை எங்காவது ஓரிடத்தில் வெட்ட வேண்டும். காபியைப் பிற்பகல் இரண்டு மணிக்கு நகர்த்துவது எளிதான இடம்.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை கஃபீன் பாதுகாப்பானது என்றும், கருவுற்ற பெண்களுக்கு அது 200 மில்லிகிராம் என்றும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் மதிப்பிட்டது. காபிக் கொட்டையின் இரு முக்கிய வகைகளில், ரோபஸ்டாவில் அரபிகாவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கஃபீன் உண்டு; ஆகவே எத்தனை டம்ளர் என்பதோடு எந்தக் கொட்டை என்பதையும் பார்க்க வேண்டும்.

குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். பொமோடோரோ கடிகாரம், நாள் திட்டம், பழக்கப் பதிவு என்று ஆறு செயலிகள் வைத்திருக்கிறேன். படித்த மணிநேரத்தைத் தினமும் இன்ஸ்டாகிராமிலும் பகிர்கிறேன். ஆனால் பாடத்திட்டம் பாதிகூட முடியவில்லை. எந்தச் செயலியை மாற்றலாம்?
– பட்டதாரி, விருதுநகர்

ஐந்தை நீக்கிவிட்டு ஆறாவதை யோசிக்கலாம்.

பொமோடோரோ முறையை உருவாக்கியவர் பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலியர். 1980களின் இறுதியில் கல்லூரி மாணவராக இருந்தபோது, சமையலறையில் வைக்கும் தக்காளி வடிவக் கடிகாரத்தைத் திருகிவைத்துப் படிக்கத் தொடங்கினார். இருபத்தைந்து நிமிடம் படிப்பு, ஐந்து நிமிட ஓய்வு, நான்கு சுற்றுக்கு ஒரு நீண்ட ஓய்வு, அவ்வளவுதான் முறை. அந்தக் கடிகாரத்தால் வேறு எதுவும் செய்ய முடியாது என்பதை இப்போது எல்லோரும் மறந்துவிட்டோம். நீங்கள் ஓய்வு வந்துவிட்டதா என்று பார்க்கக் கைப்பேசியை எடுக்கிறீர்கள், அதே திரையில் இன்ஸ்டாகிராமும் காத்திருக்கிறது. ஐந்து நிமிடம் அங்கேயே கரைகிறது, பல நாள்களில் அரை மணி. அலாரம் உள்ள ஒரு சாதாரண மேசைக் கடிகாரம் இந்த இடத்தில் எந்தச் செயலியையும் வென்றுவிடும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். குரூப் 2 முதல்நிலைத் தேர்வு 200 வினாக்கள், மூன்று மணி நேரம். ஆண்டு முழுவதும் இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து பழகியவர், தேர்வு அறையில் இரண்டாம் மணி நேரத்தில் என்ன ஆவார்? கணக்குப் பயிற்சிக்குக் குறுகிய சுற்று பொருந்தும். அரசியலமைப்பு, வரலாறு போன்றவற்றை ஐம்பது நிமிடம் விடாமல் படித்துப் பாருங்கள். வாரம் ஒரு நாள், தேர்வாணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய வினாத்தாளை எடுத்துக்கொண்டு, எழாமல் மூன்று மணி நேரம் உட்காருங்கள்.

திட்டம் தீட்டுவதில் ஒரு மயக்கம் இருக்கிறது. வண்ணம் வண்ணமாக அட்டவணை போட்டு முடித்தவுடன், அதில் எழுதியதையெல்லாம் படித்து முடித்த நிறைவு வந்துவிடுகிறது. அதைப் பகிர்ந்து நாற்பது பேர் இதயம் போட்டுவிட்டால் நிறைவு இரட்டிப்பாகிறது. அது உங்களுக்கு மகிழ்ச்சி தருகிறதென்றால் செய்யுங்கள், சினிமா பார்ப்பதுபோல் பொழுதுபோக்குக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். படிப்புக் கணக்கில் எழுதாதீர்கள். நீங்கள் பகிரும் மணிநேரத்துக்குப் பதிலாக, அன்று சரியாக விடையளித்த வினாக்களின் எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதி வந்தால் பாடத்திட்டம் எங்கே நிற்கிறது என்பது தானாகத் தெரியும்.

கணினித் துறையினருக்கும் காபிக்கும் அப்படி என்ன உறவு?
– பள்ளி மாணவி, தஞ்சாவூர்

இரவு வேலை என்பது பாதி விடை. மீதி விடைக்கு நல்ல கதைகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் டிரோஜன் அறை என்ற இடத்துக்கு அருகே ஒரே ஒரு காபி இயந்திரம் இருந்தது. வேறு தளங்களில் இருந்தவர்கள் படியிறங்கி வந்து பார்த்தால் குடுவை காலியாக இருக்கும். 1991இல் ஆய்வாளர்கள் அதன் எதிரே ஒரு கேமராவை நிறுத்தி, குடுவையின் சின்னஞ்சிறு கறுப்பு வெள்ளைப் படம் எல்லோருடைய கணினியிலும் தெரியும்படி செய்தார்கள். 1993இல் அது இணையத்துக்கு வந்தது. உலகின் முதல் வெப்கேம் என்ற பெயரும் பெற்றது. கேம்பிரிட்ஜில் ஒரு குடுவையில் காபி இருக்கிறதா என்று எங்கெங்கோ இருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். 2001 ஆகஸ்ட் 22 அன்று கேமரா அணைக்கப்பட்டது. அந்தப் பழைய இயந்திரத்தை ஜெர்மனியின் 'டெர் ஷ்பீகல்' இதழின் இணையப் பிரிவு ஏலத்தில் 3,350 பவுண்டு கொடுத்து வாங்கிக்கொண்டது.

1998 ஏப்ரல் முதல் தேதி, காபிக் குடுவையை இணையம் வழியே இயக்குவதற்கென்று ஒரு நெறிமுறை, அதாவது கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதித்தொகுப்பு, முழுத் தொழில்நுட்ப நடையில் வெளியானது. தேநீர்க் கெண்டியிடம் காபி கேட்டால், "நான் தேநீர்க் கெண்டி" என்று பொருள்படும் 418 என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. முட்டாள்கள் தின வேடிக்கைதான், ஆனாலும் நிரலாளர்கள் அந்த எண்ணை இன்றுவரை விடவில்லை. முதலில் ஓக் என்று அழைக்கப்பட்டு 1995இல் ஜாவா என்ற காபிப் பெயரோடு வெளிவந்த நிரல்மொழியை நீங்கள் கல்லூரியில் படிப்பீர்கள்.

வேடிக்கைகளை ஒதுக்கிவிட்டால், அந்த கேம்பிரிட்ஜ் கேமராவை நான் மதிக்கிறேன். காபி இருக்கிறதா, இல்லையா என்ற ஒரே கேள்விக்கு அது விடை சொன்னது. ஒரு வீண் நடையை மிச்சப்படுத்தியது. இன்று நாம் தரவிறக்கும் செயலிகளில் எத்தனை இப்படி ஒரு கேள்விக்காவது நேராக விடை சொல்கின்றன?

ஐந்து நிமிடம் என்று ரீல்ஸ் பார்க்க எடுத்தால் ஒரு மணி நேரம் போகிறது. எனக்கு மன உறுதி இல்லையா?
– இல்லத்தரசி, மதுரை

மன உறுதியைக் குறை சொல்ல வேண்டாம். முன்பு இணையப் பக்கத்தின் அடியில் 'அடுத்த பக்கம்' என்ற ஓர் இணைப்பு இருந்தது. அதைத் தொடும் கணத்தில் போதுமா என்ற எண்ணம் வர வாய்ப்பிருந்தது. 2006இல் ஏசா ராஸ்கின் என்பவர் வடிவமைத்த முடிவில்லாச் சுருள், அதாவது தள்ளத் தள்ள அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும் பக்கம், அந்தக் கணத்தை எடுத்துவிட்டது. பின்னாளில் அவரே அதற்காக வருந்தியிருக்கிறார். விளிம்பு இல்லாத இடத்தில் நீங்களே ஒரு விளிம்பு வையுங்கள். செயலியை நீக்கிவிட்டு, உலாவியில் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கொடுத்து நுழையும்படி செய்தால் பாதி முறை சோம்பலே உங்களைக் காப்பாற்றும்.

குடியிருப்போர் சங்கம், முன்னாள் மாணவர்கள், உறவினர்கள் என்று வாட்ஸ்அப் குழுக்கள் பெருகிவிட்டன. நீல டிக் விழுந்தும் பதில் போடாவிட்டால் கோபிக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

நீல டிக் 2014இல் வந்தது. தனி உரையாடல்களில் அதை அமைப்புகளில் அணைத்துவிடலாம், ஆனால் மற்றவர்கள் படித்தார்களா என்பதும் உங்களுக்குத் தெரியாமல் போகும். குழுக்களில் இந்த வசதி செல்லாது. அங்கே செய்யக்கூடியது, அறிவிப்பு ஒலியை நிரந்தரமாக அடக்கிவிட்டு, குழுவைக் காப்பகத்துக்கு நகர்த்திவிடுவது. படங்கள் தாமாகத் தரவிறங்குவதையும் நிறுத்திவிடுங்கள்; ரோஜாப்பூவோடு வரும் காலை வணக்கங்கள் கைப்பேசியின் நினைவகத்தை நிரப்பாமல் இருக்கும். "நான் மாலை ஆறு மணிக்குத்தான் பார்ப்பேன், அவசரமென்றால் அழையுங்கள்" என்று ஒரு முறை எழுதிவிடுங்கள் ஐயா. ஆசிரியர் சொன்னால் கேட்பார்கள்.

காபியைக் குடிக்கும் முன் படமெடுத்துப் போடுவது தவறா?
– புகைப்படக் கலைஞர், புதுச்சேரி

தவறில்லை, நுரை அடங்குவதற்குள் எடுத்துவிடுங்கள்.

தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்ய வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கிறேன். தமிழ்99 கற்பது பயன் தருமா?
– மொழிபெயர்ப்பாளர், சென்னை

உங்கள் தொழிலுக்கு நிச்சயம் தரும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை இது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், பெரும்பாலான மெய்கள் வலக்கைப் பக்கமும் இருப்பதால் இரு கைகளும் மாறி மாறி வேலை செய்கின்றன. புள்ளியைப் பெரும்பாலும் அதுவே வைத்துக்கொள்ளும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகள் போதும். ஒரே மெய் இரு முறை வந்ததும் முதலாவதற்குப் புள்ளி விழுந்துவிடுகிறது. 'பந்து' என்பதற்கு ப, ந, த, உ. இன எழுத்தைக் கண்டதும் ந் என்று மாற்றிக்கொள்கிறது. முதல் இரண்டு வாரம் இப்போதைய வேகத்தில் பாதிதான் வரும், எரிச்சலாக இருக்கும். அந்த நாள்களில் கெடு உள்ள வேலையை இதில் தொடாதீர்கள். விசைகளின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டாமல், படத்தைத் திரைக்கு அருகில் மாட்டிவைத்துப் பழகுங்கள். இல்லையென்றால் கண் எப்போதும் விரலையே தேடும். பேச்சை எழுத்தாக்கும் வசதியும் முதல் வரைவுக்கு உதவும், ஆனால் ஒற்று மிகும் இடங்களை நீங்கள்தான் திருத்த வேண்டியிருக்கும்.