18,355 யார்டு யார் போட்ட பிச்சை?

கேள்வி: போன இதழில் அமெரிக்கக் கால்பந்தின் எம்மிட் ஸ்மித்தை ரன்னிங் பேக்குகளின் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களின்) ராஜா என்று தூக்கி வைத்து எழுதியிருந்தீர்கள். அவருடைய அணியான டல்லாஸ் கௌபாய்ஸின் ஆஃபென்சிவ் லைன், அதாவது எதிராளிகளை இடித்துத் தடுக்கும் முன்வரிசை, முன்னால் வழி விட்டுக்கொண்டு போனால் என் பாட்டிகூட ஆயிரம் யார்டு ஓடுவார். அதே லைனுக்குப் பின்னால் பேரி சாண்டர்ஸ் இருந்திருந்தால் எம்மிட்டின் 18,355 என்ன, 20,000 தாண்டியிருப்பார். டெட்ராய்ட் அணியில் மாட்டிக்கொண்டதுதான் அவர் செய்த பாவம். ஒப்புக்கொள்கிறீர்களா?
(ஒரு வாசகர், டிராய், மிச்சிகன்)

பதில்: உங்கள் பாட்டிக்கு வணக்கம். 1993 செப்டம்பரில் அவர் டல்லாஸ் பக்கம் வராமல் போனதுதான் குறை. அந்த மாதம் சம்பளத் தகராறில் எம்மிட் வீட்டில் உட்கார்ந்திருந்தார். முந்தைய சீசனில் சூப்பர் பவுல் என்ற இறுதிப்போட்டியை ஜெயித்த அணி அப்படியே இருந்தது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் டிராய் எய்க்மேன் இருந்தார், அதைப் பிடிக்கும் மைக்கேல் இர்வின் இருந்தார், நீங்கள் சொல்லும் லைனில் நேட் நியூட்டனும் மார்க் டுவினேயும் எரிக் வில்லியம்ஸும் இருந்தார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேலை மட்டும் டெரிக் லாசிக் என்ற புதுப் பையனிடம் போனது. முதல் வாரம் வாஷிங்டனிடம் தோல்வி. இரண்டாம் வாரம் பஃபலோவிடம் தோல்வி. முதலாளி ஜெர்ரி ஜோன்ஸ் பணப்பெட்டியைத் திறந்தார், எம்மிட் வந்தார். மீதி 14 ஆட்டங்களில் 12 வெற்றி, அப்புறம் மறுபடியும் சூப்பர் பவுல். முதல் இரண்டு ஆட்டத்திலும் தோற்ற அணி ஒன்று கோப்பையைத் தூக்கியது அதுவே முதல் தடவை. இரண்டு ஆட்டம் குறைவாக ஆடியும் 1,486 யார்டோடு அந்த வருட லீக்கில் எம்மிட்தான் முதல். எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்) விருதும் அவருக்கே. எல்லாம் லைனின் புண்ணியம் என்றால், அந்த இரண்டு வாரமும் லைன் எங்கே போயிருந்தது?

அந்த சீசனின் கடைசி லீக் ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராக, ஜெயிப்பவருக்கு டிவிஷனில் (லீக்கின் ஒரு பிரிவில்) முதலிடம் என்ற நிலை. முதல் பாதியிலேயே எம்மிட்டின் வலது தோள் விலகிவிட்டது. அந்தத் தோளோடு ஓவர்டைம் வரை ஆடி, மொத்தம் 32 முறை ஓடி 168 யார்டு எடுத்தார். டல்லாஸ் 16-13 என்று ஜெயித்தது. இடி வாங்கியது லைன் இல்லை, அந்தத் தோள்.

பிற்காலத்தையும் பாருங்கள். 2000, 2001 இரண்டு வருடமும் டல்லாஸ் 5 வெற்றி, 11 தோல்வி. எய்க்மேன் 2000-ஓடு போய்விட்டார், பழைய லைனிலும் முக்கால்வாசிப் பேர் இல்லை. முப்பது வயதைத் தாண்டிய எம்மிட் இரண்டு வருடமும் ஆயிரத்துக்கு மேல் ஓடினார்.

சரி, பேரிக்கு வருவோம். இந்த ஆட்டத்தைப் பார்க்காத வாசகர்களுக்காக ஒரு வரி: பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு, எதிரே பதினோரு பேர், ரன்னிங் பேக் கையில் பந்து. எம்மிட் அதை மாதச் சம்பளக்காரர் மாதிரி ஆடினார். முன்னால் ஓடி வழி விடும் ஃபுல்பேக் டேரில் ஜான்ஸ்டன் ஒருவரை இடித்துத் தள்ளும்வரை பொறுத்து, அந்தச் சந்தில் நுழைந்து, விழும்போதும் முன்பக்கமாக விழுந்து நான்கு யார்டு வாங்கிவிடுவார். வேகம் போதாது என்று நினைத்துத்தான் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 1990 டிராஃப்டில் 16 பேரை அவருக்கு முன்னால் எடுத்தார்கள்.

பேரி வேறு ஜாதி. 5 அடி 8 அங்குலம். முழு வேகத்தில் போகிறவர் சட்டென்று நிற்பார், பிடிக்க வந்தவர் காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுவார். 1997-ல் டாம்பா பே அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 80 யார்டு, 82 யார்டு என்று இரண்டு டச் டவுன் (பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கும்) ஓட்டம். அந்த சீசனில் மொத்தம் 2,053 யார்டு. ஆடிய எல்லா வருடத்தையும் சேர்த்தால் ஓட்டத்துக்குச் சராசரி 5 யார்டு, எம்மிட்டுக்கு 4.2. பார்ப்பதற்கு யார் என்று கேட்டால் தயங்காமல் பேரிதான். இன்றைக்கும் அவருடைய பழைய வீடியோக்களைப் போட்டால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

ஆனால் அந்த 82 யார்டுக்கு ஒரு விலை உண்டு. இல்லாத இடைவெளியைத் தேடி இவர் பின்னால் போய், பக்கவாட்டில் போய், நின்ற இடத்துக்கும் பின்னால் மாட்டிக்கொண்ட தடவைகள் ஏராளம். 1994 டிசம்பர் 31, கிரீன் பேயில் பிளேஆஃப் (தோற்றால் வெளியேற வேண்டிய சுற்று). பேரி ஓடியது 13 முறை, கணக்கில் வந்தது மைனஸ் 1 யார்டு. டெட்ராய்ட் தோற்றது நான்கே புள்ளியில். பிளேஆஃபில் எம்மிட் 1,586 யார்டு, 19 டச் டவுன். பேரி 386 யார்டு, 1 டச் டவுன். பேரி ஆடியது ஆறே ஆட்டம் என்பீர்கள், உண்மைதான். ஆனாலும் பத்து சீசனில் ஐந்து முறை பிளேஆஃபுக்குப் போன அணியை அநாதை ஆசிரமம் மாதிரிப் பேசாதீர்கள். அங்கே லோமஸ் பிரவுனும் கெவின் குளோவரும் லைனில் நின்றார்கள். ஹெர்மன் மூர் 1995-ல் 123 பந்து பிடித்தார். குவார்ட்டர்பேக் விஷயத்தில் மட்டும் உங்கள் புலம்பல் நியாயம்.

டல்லாஸ் லைனுக்குப் பின்னால் பேரி இருந்திருந்தால்? அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா. லைன்காரர் உடைத்துக் கொடுத்த சந்து இடப்பக்கம் இருக்க, பேரி வலப்பக்கம் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

இன்னொன்று, லீக் வரலாற்றிலேயே அதிக யார்டு ஓடிய சாதனையை பேரியிடமிருந்து டெட்ராய்ட் பிடுங்கவில்லை. 1999 ஜூலையில், 31 வயதில், அப்போது அந்தச் சாதனையை வைத்திருந்த வால்டர் பேட்டனின் 16,726-க்கு 1,457 யார்டு பாக்கி இருக்கும்போது, சொந்த ஊரான விச்சிட்டாவின் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு அவரே போய்விட்டார். ஒரு சீசன் ஆடியிருந்தால் போதும். பேட்டனை எம்மிட் தாண்டியது 2002 அக்டோபரில், தன் 13-வது சீசனில். அதன் பிறகும் இரண்டு வருடம் அரிசோனாவில் ஓடிவிட்டுத்தான் நின்றார். 1989-லேயே பேரி இப்படித்தான். முதல் வருடக் கடைசி ஆட்டத்தில் இன்னும் 10 யார்டு ஓடினால் முன்னணியில் இருந்த கிறிஸ்டியன் ஒகோயியைப் பிடித்து லீக்கில் முதலிடத்துக்கு வரலாம். பயிற்சியாளர் உள்ளே போகிறாயா என்று கேட்டார். ஆட்டம்தான் நம் கையில் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் என்று அவர் விட்ட கணக்குக்காக நீங்கள் ஏன் சார் எம்மிட்டோடு சண்டை போடுகிறீர்கள்?

கடைசியாக ஒரு விஷயம்: என் பட்டியலில் முதல் பெயர் இந்த இருவருமே இல்லை, ஜிம் பிரவுன். க்ளீவ்லாண்டில் ஒன்பது சீசன், அதில் எட்டு முறை லீக்கில் முதலிடம், 118 ஆட்டத்தில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் சராசரி 5.2. அவருடைய லைனும் நல்ல லைன்தான். அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான் வரும் என்று தெரியும், எழுதுங்கள்.