பஸ்கா கேள்வி பதில்: பெருங்காய டப்பா வேண்டவே வேண்டாம்

நியூ ஜெர்சியில் எடிசனை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் 22 வருஷமாகக் குடியிருக்கிறேன். சுற்றிலும் யூதக் குடும்பங்கள். பக்கத்து வீட்டில் ஒரு ரப்பி, அதாவது யூத மதகுரு. அவர் சபைக்குக் கணக்குப்பிள்ளை நான்தான். இன்னொரு உத்தியோகமும் உண்டு. பஸ்கா என்கிற யூத வசந்த விழாவுக்கு முந்தின நாள் காலையில் சபையார் வீடுகளில் கிடக்கும் பிஸ்கட், மாவு, பீர், விஸ்கி அத்தனையையும் சட்டப்படி விலைக்கு வாங்கிக்கொள்கிற 'வெளியாள்' நான். 11 வருஷமாக வாங்குகிறேன். நான் யூதன் இல்லை, நெல்லைப் பக்கத்துச் சைவக் குடும்பம். பார்த்ததையும் கேட்டுப் படித்ததையும் சொல்கிறேன். மார்க்கத் தீர்ப்பு வேண்டுமென்றால் ரப்பியிடம் போங்கள்.

எடிசன் தங்கை: அண்ணா, கூட வேலை பார்ப்பவர் பஸ்கா ராத்திரிச் செடர் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். வெறுங்கையோடு போக மனசில்லை. வடையும் பாயசமும் செய்து எடுத்துப் போகட்டுமா?

வேண்டாம்மா. வீட்டில் செய்த எதுவும் வேண்டாம். நீ எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் உன் அடுப்பில் நேற்று சப்பாத்தி சுட்டிருப்பாய், அது போதும். இந்த எட்டு நாளும் (இஸ்ரேலில் ஏழு) கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்கிற ஐந்து தானியத்தில் தண்ணீர் பட்டுப் பொங்கியது எதுவும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. அதற்குப் பெயர் ஹமேட்ஸ். நம் ஆட்கள் மறந்துபோகிற ஒன்று: கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. டப்பாவைத் திருப்பிப் படித்துப் பார். ஒரு சிட்டிகை ரசப்பொடியோடு நீ உள்ளே போனால், அவர்கள் ஒரு மாதம் துடைத்த துடைப்பு வீண்.

பூ வாங்கிப் போ. அதையும் பொழுது சாய்வதற்குள் கொடுத்தனுப்பிவிடு, தண்ணீரில் போட்டு வைத்துக்கொள்வார்கள். பண்டிகை தொடங்கிவிட்டால் ஏகப்பட்ட கட்டுப்பாடு.

இன்னொன்று, நாலு மணிக்கே வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போ. நன்றாக இருட்டிய பிறகுதான் செடர் தொடங்கும். முதலில் ஒரு வாய் பார்சிலித் தழை, உப்புத் தண்ணீரில் தோய்த்து. பிறகு எகிப்தில் அடிமையாய் இருந்து விடுதலையான கதை. வீட்டிலேயே சின்னப் பிள்ளை, 'இந்த ராத்திரி மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது' என்று ராகம் போட்டுக் கேட்கும். பெரியவர்கள் பதில் சொல்வார்கள், சொல்வார்கள், சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நான் முதல் தடவை போனபோது சோற்றுக்கு, அதாவது சோறில்லாத சாப்பாட்டுக்கு, பத்தரை மணி ஆயிற்று. கசப்புக் கீரை என்று துருவிய குதிரைமுள்ளங்கி தருவார்கள். மிளகாய் தின்று வளர்ந்தவள் என்ற தைரியத்தில் அள்ளி வாயில் போடாதே, அது மூக்கில் ஏறும். நாலு கிண்ணம் திராட்சை மது உண்டு, குடிக்காதவர்களுக்குப் பழச்சாறு. தட்டில் ஒரு எலும்பு இருக்கும். பயப்படாதே, அது ஞாபகத்துக்கு, யாரும் தின்ன மாட்டார்கள். சைவம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

மதுரைக்காரன்: இந்தப் பண்டிகை ஒரு வருஷம் மார்ச்சில் வருகிறது, ஒரு வருஷம் ஏப்ரல் கடைசியில் வருகிறது. கணக்கு என்ன சார்?

நல்ல கேள்வி. அவர்கள் மாதம் நிலவைப் பின்பற்றியது. 12 நிலவு மாதம் என்றால் 354 நாள்தான், சூரிய வருஷத்துக்கு 11 நாள் குறைச்சல். அப்படியே விட்டால் பஸ்கா நழுவி நழுவி நடுக்குளிருக்குப் போய்விடும். ஆனால் ஆபிப் மாதத்தில், அதாவது கதிர் முற்றும் இளவேனிலில் கொண்டாடு என்பது யூத வேதத்தின் கட்டளை. அதனால் 19 வருஷத்தில் ஏழு தடவை ஒரு மாதம் கூடுதலாகச் செருகுகிறார்கள். தெலுங்குக்காரர்களின் அதிக மாசம் மாதிரி.

ஆபிப் மாதத்துக்கு இப்போது நிசான் என்று பெயர். பஸ்கா தொடங்குவது நிசான் 15ஆம் நாள், அதாவது பௌர்ணமியை ஒட்டி. மதுரைக்காரர் நீங்கள், இப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: பல வருஷம் பங்குனி உத்திரத்தை ஒட்டி வரும், சில வருஷம் சித்ரா பௌர்ணமியை ஒட்டி வரும். 2025இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11, செடர் மறுநாள் ராத்திரி. 2024இல் ஏப்ரல் 22 ராத்திரி செடர், மறுநாள் சித்ரா பௌர்ணமி. அங்கே நிலவில் கதை சொன்னார்கள், இங்கே அழகர் ஆற்றில் இறங்கினார்.

பாளையங்கோட்டை: பஸ்காவும் ஈஸ்டரும் ஒன்றுதானே?

இல்லை. காலத்தால் பக்கம், பொருளால் வேறு.

சேலம் சித்தி: பழையதை எரிக்கிறார்களாமே, நம்ம போகி மாதிரியா?

எரிப்பது உண்டு. முந்தின ராத்திரி மெழுகுவர்த்தி, இறகு, மரக்கரண்டியோடு வீடெல்லாம் தேடுவார்கள். தேடிக் கண்டுபிடிக்க ஏதாவது வேண்டுமே என்று பத்து ரொட்டித் துண்டை அவர்களே ஒளித்துவைப்பது பலர் வழக்கம். காலையில் அதை எரித்துவிட்டு, 'எனக்குத் தெரியாமல் மிச்சம் ஏதும் இருந்தால் அது மண்ணுக்குச் சமம்' என்று அரமேய மொழியில் சொல்லிக் கைகழுவிவிடுவார்கள்.

ஆனால் சித்தி, போகியில் பழம்பாயை எரிக்கிறோம். இங்கே பழசு பிரச்சினை இல்லை, பொங்கியதுதான் பிரச்சினை. தூசி ஹமேட்ஸ் இல்லை. பரணில் ஏறி ஒட்டடை அடித்து, திரைச்சீலை துவைத்து, செடர் அன்றைக்கு மேசையிலேயே தூங்கி விழுகிற மாமிகளை வருஷா வருஷம் பார்க்கிறேன். எங்கள் ரப்பியும் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமைப் பிரசங்கத்தில் இதையே சொல்லிச் சலித்துவிட்டார். ஒருவரும் கேட்பதாக இல்லை.

டாலஸ் தம்பி: அந்த விற்பனை வெறும் சடங்குதானே? ஏமாற்று வேலை மாதிரி இல்லையா அண்ணே?

இதற்குக் கொஞ்சம் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். பண்டிகையில் ஒரு யூதன் கையில் ஹமேட்ஸ் இருந்தால் அது பிறகும் அவனுக்கு ஆகாது. சின்ன ரொட்டி என்றால் எறிந்துவிடலாம். பேக்கரிக்காரர் என்ன செய்வார்? தொசெஃப்தா என்கிற பழைய யூதச் சட்ட நூலிலேயே வழி இருக்கிறது. ஒரு யூதனும் வேற்றினத்தானும் ஒரே கப்பலில் போகிறார்கள், யூதனிடம் ஹமேட்ஸ் இருக்கிறது. அவன் அதை மற்றவனுக்கு விற்றோ தானமாகக் கொடுத்தோ விட்டுப் பண்டிகைக்குப் பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம், ஆனால் முழுசாகக் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த 'முழுசாக' என்கிற சொல்தான் என் தலையில் விழுந்திருக்கிறது. சபையார் ரப்பிக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பார்கள். அவர் எனக்கு விற்பார். நான் முன்பணம் 100 டாலர் கொடுப்பேன், மீதி கடன். பொருள் இருக்கும் அலமாரிகளும் எனக்கு வாடகைக்கு வந்துவிடும். எட்டு நாளும் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்து என் பொருளை எடுக்க எனக்கு உரிமை உண்டு. பண்டிகை முடிந்த ராத்திரி ரப்பி கேட்பார்: மீதியைக் கட்டுகிறாயா, திருப்பி விற்கிறாயா? திருப்பி விற்பேன். முன்பணத்தோடு 18 டாலர் லாபம் தருவார். எபிரேய எழுத்துக்கணக்கில் 18 என்றால் 'உயிர்'.

மூன்றாவது வருஷம் எனக்கும் உன் சந்தேகம் வந்தது. பண்டிகை நடுவில் ஒரு பெரியவர் வீட்டுக் கதவைத் தட்டி, என் விஸ்கியில் ஒரு புட்டி வேண்டும் என்றேன். விஸ்கி பார்லியில் காய்ச்சியது, அதுவும் ஹமேட்ஸ். ஒரு பேச்சுப் பேசவில்லை அவர். நாடா ஒட்டி மூடிவைத்த அலமாரியைக் காட்டிவிட்டுத் தள்ளி நின்றார். நாடாவை அறுத்து நானே எடுத்துக்கொண்டேன். உள்ளதில் விலை கூடியதாகத்தான் எடுத்தேன் என்பது பிறகு தெரிந்தது. ரப்பிக்குத் தாங்காத சந்தோஷம். 'விற்பனை நிஜம் என்று இனி ஒருத்தருக்கும் விளக்க வேண்டியதில்லை' என்றார். கணக்கு முடிக்கும்போது புட்டி விலையைக் கழித்துக்கொண்டார், அது வேறு விஷயம்.

இஸ்ரேல் அரசாங்கமே தன் ஹமேட்ஸை அபூ கோஷ் ஊர்க்காரரான ஒரு அரபு முஸ்லிமுக்குப் பல வருஷமாக விற்றுவந்திருக்கிறது. அவருக்குப் பக்கத்தில் நான் எம்மாத்திரம்.

கும்பகோணம்: அரிசி சாப்பிடலாமா?

யார் வீட்டில் என்பதைப் பொறுத்தது. ஈராக் பக்கத்து யூதர்கள் பெரும்பாலும் சாப்பிடுவார்கள், மூன்று தடவை பொறுக்கிவிட்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாசிகளுக்கு அரிசி, பருப்பு, சோளம், கடுகு எல்லாம் விலக்கு. கடுகு இல்லை என்றால் தாளிப்பும் இல்லை.

ஸ்கோக்கி: தவறான தகவல். என் மேலாளர் யூதர். அரிசி வேதத்திலேயே தடை என்கிறார்.

உங்கள் மேலாளர் தன் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறார். தால்முத் என்கிற பழைய யூதச் சட்ட விவாதத் தொகுப்பில், அரிசி மா பொங்காது, கெட்டுத்தான் போகும் என்பதே பெரும்பான்மைக் கருத்து. அதில் வரும் ரப்பிகளில் யோகனான் பென் நூரி ஒருவர்தான் மறுத்தார். இன்னொரு ரப்பியான ராவ் ஹூனா செடர் மேசைக்கு அரிசியையே சொல்கிறார்! தடை இடைக்கால ஐரோப்பாவில் வந்த வழக்கம். ஒரே சாக்கில் கோதுமை கலந்துவிடும், மாவைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்று காரணம் சொல்வார்கள்.

டாலஸ் தம்பி: அரிசி மா பொங்காதா? எங்க அம்மா அரைத்த இட்லி மாவு ராத்திரி பொங்கி, காலையில் மேடையெல்லாம் வழிகிறதே!

கும்பகோணம்: அதானே! தால்முத் எழுதியவர்கள் இட்லி பார்த்ததில்லை.

ஸ்கோக்கி: ஆகவே என் மேலாளர் சொன்னதுதான் சரி.

பொறுங்கள், பொறுங்கள். இதில் நம் மொழி நம்மை ஏமாற்றுகிறது. தமிழ் பைபிளில் 'புளித்த மா' என்று படித்துவிட்டு, புளிப்பதெல்லாம் விலக்கு என்று நினைக்கிறோம். அப்படியென்றால் நாலு கிண்ணம் திராட்சை மது எப்படிக் கட்டாயமாகும்? அதுவும் நொதித்ததுதானே. தயிர் புளிப்பு, ஊறுகாய் புளிப்பு, ஒன்றுக்கும் தடையில்லை. ஹமேட்ஸ் என்பது ருசி இல்லை, நுரையும் இல்லை. அந்த ஐந்து தானியம், தண்ணீர், நேரம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஹமேட்ஸ். உங்கள் அம்மாவின் மாவு உளுந்தின் தயவில் பொங்குகிறது, அந்தப் பட்டியலில் அரிசியும் இல்லை, உளுந்தும் இல்லை.

கும்பகோணம்: அப்போ ஈராக் யூதர் வீட்டில் பஸ்காவுக்கு இட்லி அவிக்கலாம்!

கொள்கையளவில் தடை தெரியவில்லை. ஆனால் மாவில் வெந்தயம் போட்டீர்களா? வெந்தயத்தில் கோதுமை மணி கலந்து வரும் என்று எச்சரிக்கிற ரப்பிகள் உண்டு. சாம்பாரில் பெருங்காயம் போட்டீர்களா? நான் சொல்ல மாட்டேன் இனி.

ஸ்கோக்கி: அப்படியானால் உங்கள் ரப்பி ஏன் சாப்பிடுவதில்லை?

அவர் பாட்டி சாப்பிடவில்லை. அமெரிக்காவில் கன்சர்வேடிவ் என்கிற யூத மதப் பிரிவின் சட்டக்குழு 2015 டிசம்பரில் அஷ்கெனாசிகளும் சாப்பிடலாம் என்று அனுமதித்துவிட்டது. எங்கள் ரப்பி அந்தப் பிரிவும் இல்லை, அவருக்கு அரிசி மேல் ஆசையும் இல்லை. ஒரு விஷயம் கவனியுங்கள்: அவர் வீட்டு அரிசி மூட்டையை எனக்கு விற்கத் தேவையில்லை. தின்னத்தான் தடை, வைத்திருக்கத் தடையில்லை. வேதத் தடைக்கும் வழக்கத்துக்கும் உள்ள தூரம் அவ்வளவு. அரிசிச் சண்டை இத்தோடு போதும்.

கொச்சி மருமகள்: எங்கள் மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. அங்கே எப்படிக் கொண்டாடினார்கள் அண்ணா?

சண்டைக்கு முன்னால் நீங்கள் வந்திருக்கக் கூடாதா! கொச்சி யூதர்கள் அரிசி தின்றவர்கள். விரிசலில் ஹமேட்ஸ் ஒட்டியிருக்குமோ என்று ஒவ்வொரு மணியாக ஆய்ந்திருக்கிறார்கள். சுவரைச் சுரண்டி வெள்ளையடிப்பது, கிணற்றை இறைத்துத் தேய்ப்பது, பண்டிகைப் பாத்திரத்தைத் தனியாகப் பூட்டிவைப்பது எல்லாம் உண்டு. நம்பூதிரி, நாயர் வீடுகளின் ஆசாரத்துக்கு நடுவில் வாழ்ந்ததால் சுத்தம் இன்னும் இறுகிப்போனது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். ஆலயம் நின்றாலும் அந்தப் பத்துப் பேர் இல்லாமல் போனால் சபை இல்லை.

திருச்சி மாணவி: பஸ்காவுக்குத் தின்கிற பொங்காத ரொட்டி, மட்ஸா, அதை வீட்டில் சுடும் முறை?

மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிஷத்துக்குள் வெந்தாக வேண்டும். கடையில் வாங்கு.

தமிழ்ப்பித்தன்: மயிலுக்கான எபிரேயச் சொல் 'துக்கி' நம் 'தோகை'யிலிருந்து...

அடுத்தவர்.

கோவை அக்கா: வசந்த விழா என்கிறீர்கள். வசந்தம் எங்கே தம்பி? எல்லாம் துடைப்பமும் பூட்டுமாக இருக்கிறதே.

இருக்கிறது அக்கா, நான்தான் சொல்லவில்லை. நிசான் மாதத்தில் பூத்த பழமரத்தைப் பார்த்ததும் சொல்ல ஒரு வாழ்த்து உண்டு, வருஷத்துக்கு ஒரே தடவை. எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டில் ஆப்பிள் மரமும் பேரி மரமும் இருக்கின்றன. சபையே போய் அதன் அடியில் நிற்கும், அந்த வீட்டுக்காரர் சீனாக்காரர், தேநீர் போட்டுத் தருவார். பண்டிகையின் முதல் நாள் மழைக்கான ஜெபத்தை நிறுத்திவிட்டுப் பனித்துளிக்கான ஜெபம் தொடங்குவார்கள். இஸ்ரேலில் அதோடு மழைக்காலம் முடிகிறது, இனிப் பயிருக்குப் பனிதான். நியூ ஜெர்சியில் அன்றைக்கு மழை கொட்டும், இங்கே ஜெபம் நடத்துபவர் வெள்ளை அங்கி போட்டுப் பனித்துளி கேட்டுக்கொண்டிருப்பார். மனசு இருக்கிற ஊர்க் காலண்டர் அது. அந்த வாரச் சனிக்கிழமை உன்னதப்பாட்டு வாசிப்பார்கள், மாரி போய்ப் பூ வந்த பாட்டு.

கோவை அக்கா: இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? மட்ஸா விலை பார்த்தேன், மயக்கம் வந்தது.

அதற்குத்தான் 'கோதுமைப் பணம்'. பரம ஏழைக்கும் நாலு கிண்ணம் குறையக் கூடாது, தர்மத் தட்டிலிருந்தாவது கொடு என்று மிஷ்னா என்கிற பழைய சட்டத் தொகுப்பு சொல்கிறது. ஊரில் 12 மாதம் குடியிருந்தவர் இந்தப் பணத்தில் பங்கு தந்தாக வேண்டும் என்பது பழைய சட்டம். எங்கள் சபையில் புரிம் பண்டிகை முடிந்ததும் வசூல் ஆரம்பம். கணக்கு என் கையில், ஆனால் வாங்கியவர் பெயர் ஒன்றுகூட என் ஏட்டில் இருக்காது. 'கோதுமை' என்று ஒரு வரி, எதிரே ஒரு தொகை. ரப்பி உறைகளை ராத்திரியில் தானே கொண்டுபோய்ப் போடுவார். ஒரு வருஷம் அவர் காய்ச்சலில் கிடந்தபோது என்னைப் போகச் சொன்னார். எந்தெந்த வீடு என்பதை அதன் பிறகு மறந்துவிட வேண்டும் என்று நிபந்தனை. ஒன்று, நான் பணக்கார வீடு என்று நினைத்திருந்த வீடு.

எடிசன் தங்கை: அண்ணா, கடைசியாக ஒன்று. கட்டிப் பெருங்காயம் கொண்டு போகலாமா? அதில் மாவு கம்மி என்கிறார்கள்.

பூ, தங்கச்சி. பொழுது சாய்வதற்குள்.